முகாமுக்கும் மின்தடைக்கும் ஒரே ஜெனரேட்டர் போதுமா?

21 கிலோ எடையுள்ள எதையாவது ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நூறு அடி நடந்து பாருங்கள். முழங்காலில் இடிக்கும். சும்மா இருக்கும் கை தானாகப் பக்கவாட்டில் நீளும். அறுபதாவது அடியில் கை மாற்றத் தோன்றும். சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர் வாட் கணக்கில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான் என்பது என் கட்சி. முகாமுக்கும் ஆகும், வீட்டில் மின்சாரம் போனாலும் ஆகும் என்று ஒரே பெட்டியிடம் இரண்டு வேலையை எதிர்பார்க்கிறோம். முகாம் எடையைக் குறைக்கச் சொல்கிறது. வீடு வாட்டைக் கூட்டச் சொல்கிறது. இந்த இழுபறியில் பெரும்பாலும் வீடுதான் ஜெயிக்கிறது. வாங்கிய பெட்டி வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்வெர்ட்டர் என்றாலே நம் நினைவுக்கு வருவது மாடிப்படிக்குக் கீழே பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் பெட்டி. இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் அப்படிப் பேட்டரி எதுவும் கிடையாது. பெட்ரோல் இன்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று ஒன்று அதைச் சுத்தமான மாறுமின்னோட்டமாகத் திருப்பித் தருகிறது. பழைய பாணி ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும், 60 ஹெர்ட்ஸுக்கு 3,600. ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் அதே ஓட்டம், அதே இரைச்சல். இன்வெர்ட்டர் வகையில் இந்தக் கட்டாயம் இல்லை; லோடு குறைந்தால் இன்ஜினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் குறைவது, எரிபொருள் மிச்சமாவது இரண்டுக்கும் காரணம் இதுதான். மடிக்கணினி போன்றவற்றைப் பயமில்லாமல் செருகலாம் என்பது அந்த மின்னணுச் சுற்றின் உபயம்.

அடுத்தது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண். அது உச்சத் திறன். சில விநாடிகளுக்கு மட்டும் தாங்கக்கூடியது. தொடர்ந்து தரக்கூடிய திறன் அதற்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும். ஹோண்டா ஈயூ 2200ஐ என்ற பெயரில் 2,200 இருந்தாலும் தொடர் திறன் 1,800 வாட்தான். யமஹா ஈஎஃப் 2000ஐஎஸ் மாடலில் அது 1,600. இவை இரண்டும் சின்ன எண்ணையும் ஒளிக்காமல் சொல்கின்றன. அதை எங்கேயும் சொல்லாத பெட்டியை நான் தொடவே மாட்டேன்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் ஃபிரிட்ஜின் கதை நடக்கிறது. ஓடும்போது 100 முதல் 200 வாட் மட்டும் இழுக்கும் சாதாரண ஃபிரிட்ஜ், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த அரை விநாடியில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். நண்பரிடம் இரவல் வாங்கிய 1,000 வாட் வகுப்புப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்துப் பார்த்தேன். விளக்கு, மின்விசிறி, ரவுட்டர் எல்லாம் ஓடின. ஃபிரிட்ஜைச் செருகியதும் இன்ஜின் ஒரு முறை கனைத்தது, விளக்குகள் மங்கின, பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் வரவில்லை. பழுது ஒன்றும் இல்லை, மின்னணுச் சுற்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். இந்த முறை லோடுக்கேற்ப இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் எக்கனாமி சுவிட்சை அணைத்து, இன்ஜின் முழு வேகத்துக்கு வந்த பிறகு, மற்ற எதையும் செருகாமல் ஃபிரிட்ஜை மட்டும் முதலில் கொடுத்தேன். கிளம்பிவிட்டது. ஆனால் இருபது நிமிடம் கழித்துக் கம்ப்ரஸர் நின்று மறுபடி எழும்போது மற்றவையும் ஓடிக்கொண்டிருந்தன. மீண்டும் சிவப்பு விளக்கு. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புதிய ஃபிரிட்ஜ் என்றால் மெதுவாகக் கிளம்பும், இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே எந்த வகுப்பு ஜெனரேட்டர் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1,000 வாட் வகுப்பை இதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். ஹோண்டா ஈயூ 10ஐ 13 கிலோ, யமஹா ஈஎஃப் 1000ஐஎஸ் அதைவிடச் சற்றே குறைவு. இரண்டும் 900 வாட் தொடர்ந்து தரும். முகாமில் விளக்கு, செல்போன், கேமரா பேட்டரி, காற்று மெத்தைக்குக் காற்றடிக்கும் கருவி, சிறிய கார் ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் 300 வாட் தாண்டாது. நூறு அடி நடைச் சோதனையில் தேறுவதும் இந்த வகுப்பு மட்டும்தான். மின்கெட்டில், முடி உலர்த்தி, சூடேற்றும் எதையும் நினைக்காதீர்கள். ஒரு கெட்டிலே 1,500 வாட் கேட்கும். காட்டுக்குப் போயும் முடி உலர்த்தி வேண்டும் என்பவர்களுக்கு விடுதி என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது.

2,000 வாட் வகுப்புதான் அதிகம் பேர் போய் நிற்கும் இடம். அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ், மூன்று மின்விசிறி, விளக்குகள், தொலைக்காட்சி, ரவுட்டர் எல்லாவற்றையும் இது பதற்றமில்லாமல் இழுக்கும். ஹோண்டாவா யமஹாவா என்ற பழைய வழக்கில் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்டால், எண்களை வைத்துச் சொல்கிறேன். ஈயூ 2200ஐ 121 சிசி இன்ஜின், 3.6 லிட்டர் பெட்ரோல் தாங்கி, 21 கிலோ சொச்சம். ஈஎஃப் 2000ஐஎஸ் 79 சிசி, 4.2 லிட்டர் தாங்கி, 20 கிலோ. ஹோண்டாவின் பெரிய இன்ஜின் திடீர் லோடுக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், 200 வாட் அதிகமும் தரும். யமஹாவின் தாங்கி பெரியது. வீட்டு ஃபிரிட்ஜ்தான் முக்கியம் என்றால் ஹோண்டா, முகாம்தான் பெரும்பகுதி என்றால் யமஹா. இதற்கு மேல் இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கிறது, எதைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார் என்பது இந்த வித்தியாசங்களைவிடப் பெரிது. இதே வடிவத்தில், பாதி விலையில் வரும் பெயர் தெரியாத பெட்டிகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவற்றில் பல நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் மூன்றாவது ஆண்டில் மின்னணுப் பலகை போனால் மாற்றுப் பலகை எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கார்புரேட்டரை எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். பிசின் ஊற்றி மூடிய அந்தப் பலகையில் கை வைக்க யாராலும் முடியாது.

3,000 வாட்டுக்குப் போனால் அது வேறு உலகம். ஹோண்டா ஈயூ 3000ஐஎஸ் 2,800 வாட் தொடர்ந்து தரும், 13 லிட்டர் தாங்கி, சாவி திருகினால் கிளம்பும், சத்தமும் அடக்கம். எடை 60 கிலோவை ஒட்டி. இரண்டு பேர் வேண்டும், அல்லது அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த எடைக்குப் பதிலாக 2,000 வாட் பெட்டிகள் இரண்டை வாங்கி, அதற்கென்றே விற்கும் இணைப்பு ஒயரால் சேர்த்து ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி. ஒன்று முகாமுக்குப் போகும், மற்றது வீட்டில் இருக்கும். தேவைப்பட்டால், இரண்டும் ஈயூ 2200ஐ என்றால், சேர்ந்து 3,600 வாட் தரும். ஒன்று மக்கர் செய்தால் மற்றது கைகொடுக்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இணைப்பு வசதி உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள். வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளை ஒயர் போட்டு இணைத்துச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

தண்ணீர் மோட்டாருக்காக ஜெனரேட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று கேட்கும். 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் அங்கே கையை விரித்துவிடும். இந்த ஓர் இடத்தில் பழைய பாணித் திறந்த சட்டக ஜெனரேட்டர்தான் மேல். அதன் கனமான ரோட்டரில் சேர்ந்திருக்கும் சுழற்சி அந்த ஒரு கணத்துக்கு உதவிக்கு வரும். இரைச்சலும் எடையும் உங்கள் பாடு.

சத்தத்துக்கு வருவோம். ஈயூ 2200ஐ விளம்பரத்தில் காணும் 48 டெசிபல் என்பது கால் பங்கு லோடில், எக்கனாமி நிலையில் அளந்தது. அதே ஹோண்டா முழு லோடில் 57 டெசிபலுக்குப் போகிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானது போலத் தோன்றும். ஆகவே ஒரே பெட்டி மாலையில் சாதுவாகவும் கெட்டிலைச் செருகியதும் முரடாகவும் நடந்துகொள்வதில் ஆச்சரியம் இல்லை. எந்த மாடல் என்பதைவிட எவ்வளவு தூரம் என்பது முக்கியம். திறந்த வெளியில் தூரத்தை இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். நல்ல ஒயர் ஒன்று வாங்கினால் போதும்: 230 வோல்ட்டில் 1,800 வாட்டை 25 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் கொண்டுபோனால் இழப்பு ஏறக்குறைய 5 வோல்ட்தான். சுருளில் சுற்றிய ஒயர் என்றால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே லோடு கொடுத்தால் உள்ளே சூடேறி உருகும். இவ்வளவு செய்தாலும் இரவு பத்து மணிக்குப் பிறகு பக்கத்துக் கூடாரத்தில் தூங்குகிறவருக்கு 45 டெசிபலும் எரிச்சல்தான். அவர் பக்கம்தான் நியாயம்.

இரவுதான் ஜெனரேட்டரின் பலவீனம். சத்தத்தால் மட்டுமல்ல, கணக்காலும். ஈயூ 2200ஐ முழு லோடில் 3.6 லிட்டருக்கு 3.2 மணி நேரம் ஓடும். 1,800 வாட்டால் பெருக்கினால் 5.76 யூனிட், அதாவது லிட்டருக்கு 1.6 யூனிட். கால் பங்கு லோடில் 8.1 மணி நேரம் ஓடும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அங்கே கிடைப்பது லிட்டருக்கு 1 யூனிட்தான். இரவு முழுவதும் ஒரு மின்விசிறிக்காக 50 வாட் லோடில் ஓடவிட்டால் கிடைப்பது 0.4 யூனிட், தாங்கியில் பாதியாவது போயிருக்கும். இன்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே எரிபொருளைத் தின்கிறது. லோடு எவ்வளவு சிறியதோ அவ்வளவு வீண்.

அதனால்தான் கையடக்கப் பேட்டரிப் பெட்டியை இந்த ஒப்பீட்டில் சேர்க்காமல் இருக்க முடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 1 யூனிட் கொள்ளும் பெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். இழப்பு போகக் கையில் வருவது 0.85 யூனிட் அளவு. சத்தம் இல்லை, புகை இல்லை, கூடாரத்துக்குள்ளேயே வைக்கலாம். ஓரிரு இரவு முகாமிட்டுத் திரும்புகிறவர் ஜெனரேட்டர் வாங்குவது, என்னைக் கேட்டால், வீண் செலவு. வீட்டிலும் மின்தடை நாலைந்து மணி நேரத்தைத் தாண்டாது என்றால் இதுவே போதும். மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மின்தடை நாள்கணக்கில் நீளும்போது பேட்டரி மட்டும் இருப்பவர் இரண்டாம் நாள் விழிப்பார். ஜெனரேட்டர் மட்டும் இருப்பவர் கால் பங்கு லோடில் 24 மணி நேரம் ஓட்டி, 10 லிட்டருக்கு மேல் எரித்துவிட்டு, அடுத்த நாள் பெட்ரோலுக்கு அலைவார். இரண்டும் இருந்தால் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஜெனரேட்டரை நல்ல லோடில் ஓட்டிப் பேட்டரியை நிரப்பி, அதே நேரத்தில் ஃபிரிட்ஜையும் குளிரவைத்துவிடலாம். 2 முதல் 3 லிட்டருக்குள் நாள் முடிந்துவிடும். இரவில் மின்விசிறியும் விளக்கும் பேட்டரியில் ஓடும். இப்படிச் செய்கிறவருக்கு 1,000 வாட் வகுப்பே போதுமானதாகிவிடும். 13 கிலோ, 12 கிலோ என்று இரண்டு கைக்கும் பிரித்துத் தூக்கலாம். 21 கிலோவை ஒற்றைக் கையில் இழுப்பதைவிட நடை நேராக இருக்கும். பேட்டரியின் சார்ஜ் வேகத்தைக் குறைத்துவைக்க வழி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். சில மாடல்கள் எடுத்த எடுப்பில் 1,200 வாட் இழுத்துச் சின்ன ஜெனரேட்டரைச் சாய்த்துவிடும்.

பெட்ரோல், எல்.பி.ஜி. இரண்டிலும் ஓடும் மாடல்களைச் சிலர் கேட்கிறார்கள். எல்.பி.ஜி.யில் திறன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கடுங்குளிரில் பியூட்டேன் அதிகமுள்ள வாயு சரியாக ஆவியாகாது. ஆனால் வாயு கெட்டுப்போவதில்லை, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் எடுக்கும் ஜெனரேட்டருக்கு அது பெரிய வரம். ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடைய முதல் பெட்டியை மழைக்காலம் முடிந்ததும் அப்படியே துணி போட்டு மூடிவைத்தேன். ஏழு மாதம் கழித்துக் கயிற்றை இழுத்தேன். முப்பது முறை இழுத்திருப்பேன். சோக்கை இழுத்தால் ஒரு இருமல், தள்ளினால் மௌனம். கடைசியில் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் இல்லை, அரக்கு நிறத்தில் ஒரு பிசுக்கு, மட்டமான வார்னிஷ் வாசனை. பெட்ரோல் பாயும் சின்னக் குழலான ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை தெரியவில்லை. ஊசிமுனை அளவுகூட இல்லாத துளை அது. மெல்லிய செப்பு இழை ஒன்றால் குத்திச் சுத்தம் செய்த பிறகு மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. அன்றிலிருந்து எடுத்துவைப்பதற்கு முன் எரிபொருள் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். ஈயூ 2200ஐயில் அதற்கென்றே தனி வால்வு வைத்தார்கள். அதற்கு முந்தைய ஹோண்டா ஈயூ 2000ஐயில் அது கிடையாது. விவரக் குறிப்பில் யாரும் கவனிக்காத வரி. எனக்கு 200 வாட் கூடுதலைவிட அந்த வால்வு பெரிது. மற்றபடி முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை ஆயில் மாற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும்.

மலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் இன்ஜின் சுமார் 3.5 சதவீதத் திறனை இழக்கும். 2,100 மீட்டரில் 1,800 வாட் பெட்டி 1,360 வாட் பெட்டியாகிவிடும். மற்றொன்று சரிவு. ஒரு முறை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஏர் ஃபில்டரைத் தட்டி, தாங்கியைப் பார்த்து, ஒரு மணி நேரம் திண்டாடிவிட்டு, எதற்கோ பெட்டியை நாலடி தள்ளிச் சமதரையில் வைத்தேன். முதல் இழுப்பில் கிளம்பியது. சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதால், ஆயில் குறைவு என்று நினைத்து உணர்கருவி இன்ஜினைக் கிளம்பவிடவில்லை.

எந்த மாடலை வாங்கினாலும் மாறாத இரண்டு உண்டு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. வீட்டுக்குள், பால்கனியில், ஷட்டர் பாதி திறந்த கார் கொட்டகையில், கூடார வாசலில் வைத்து ஓட்டவே கூடாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்புறம் பார்க்க வைக்கச் சொல்கிறது. இந்த வாயுவை உணர்ந்து தானே நின்றுவிடும் மாடல்கள் இப்போது வருகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் அதை நம்பி அருகில் கொண்டுவராதீர்கள். இன்னொன்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் வீட்டுச் சுவர் பிளக்கில் மின்சாரத்தை ஏற்றுவது. அது வெளியே மின்கம்பிக்குப் போய், பழுது நீக்க ஏறியவரைக் கொல்லும். வெளி மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுத்தான் இணைக்க வேண்டும். பல இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனித்திருக்கும், அப்போது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டின் ஆர்.சி.சி.பி. எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம். ஆகவே இதைத் தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்யட்டும். அந்தச் செலவு பிடிக்காதவர் ஃபிரிட்ஜுக்கு நேராக ஒயர் இழுத்துக்கொள்வது நல்லது.

இப்போது என்னிடம் 2,000 வாட் வகுப்புப் பெட்டி ஒன்றும் 1 யூனிட் பேட்டரி ஒன்றும் இருக்கின்றன. முகாமுக்குப் பேட்டரி மட்டும் வருகிறது. மூன்று இரவுக்கு மேல் தங்குவதாக இருந்து, இறங்கும் இடம் வரை காரும் போகும் என்றால் ஜெனரேட்டரையும் ஏற்றுகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் அப்படி ஏற்றியது ஒரே ஒரு முறை. இன்று மறுபடி வாங்குவதாக இருந்தால் பேட்டரியை முதலில் வாங்கிவிட்டு, ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, ஜெனரேட்டர் வேண்டுமா, வேண்டுமென்றால் 13 கிலோவா 21 கிலோவா என்று முடிவு செய்திருப்பேன்.